கரண்ட் காரா, பெட்ரோல் காரா: முதலில் வீட்டுக் கரண்ட் பில்லை எடுங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் மண்டிகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வருகிறவர்கள், கூடவே கார் கொட்டேஷனையும் மேசையில் வைத்து, "அக்கா, இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. தேங்காய் விலை ஏறி இறங்கும்; தவணை இறங்காது. அதனால் வருகிறவர்களிடம் சொல்வதை முழுதாக இங்கே எழுதி வைக்கிறேன். வீடு கேரளாவில், பாதிப் பிழைப்பு தமிழ்நாட்டில் என்று வாழ்கிற நமக்கு, சென்னையிலோ கொச்சியிலோ உட்கார்ந்து போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது.

ஷோரூமுக்குப் போகும் முன் இரண்டு காகிதம் தேடி எடுங்கள். ஒன்று, இப்போது ஓட்டுகிற வண்டியின் சர்வீஸ் பில்கள். இன்னொன்று, கடந்த ஒரு வருடத்துக் கரண்ட் பில்கள். இந்த இரண்டும் இல்லாமல் போடுகிற எந்தக் கணக்கும் விற்கிறவருடைய கணக்குத்தான்.

மாதம் எத்தனை கிலோமீட்டர்

சர்வீஸ் பில்லில் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் இருக்கும். ஒரு வருட இடைவெளி உள்ள இரண்டு பில்லை எடுத்து, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து, 12-ஆல் வகுங்கள். அவ்வளவுதான். வாயால் கேட்டால் "மாசம் ஆயிரத்தஞ்சூறு ஓடுமுங்க" என்று சொல்கிறவருக்கு, பில்லைப் பார்த்தால் எழுநூறுதான் வருகிறது. வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குத் தினம் போய் வருகிறவருக்கு ஆயிரத்தைத் தாண்டும். தோப்பு, கடை, கோயில், மாதம் ஒரு பொள்ளாச்சி என்று இருக்கிறவருக்கு அது வரவே வராது. கடைசியில் முடிவைச் சொல்லப் போவது இந்த எண்தான், சரியாக எடுங்கள்.

மைலேஜையும் கம்பெனி சொன்னதை வைத்துப் போடாதீர்கள். டேங்க் முட்ட நிரப்பி, ஓட்டி, மறுபடி முட்ட நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், ஐந்து வருடம் முன்பு நீங்கள் பார்த்த மைலேஜ் இப்போது இருக்காது. நம் ரோட்டில் ஏசி போட்டு ஓடுகிற சின்ன எஸ்யூவிக்கு லிட்டருக்கு 16 என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெட்ரோல் விலையை இந்தப் பக்கம் 106 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். 2023 ஏப்ரல் முதல் கேரளாவில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் இதில் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டினால் நாலைந்து ரூபாய் குறைவு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் ஒவ்வொரு லிட்டரையும் அந்தப் பக்கமே ஊற்றினாலும் மிச்சம் முந்நூறு ரூபாய் அளவில்தான். போகிற வழியில் ஊற்றிக்கொள்ளுங்கள், அதற்காகவே போகாதீர்கள்.

லிட்டர் 106, மைலேஜ் 16 என்றால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 ரூபாய் 60 காசு.

கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில்லில் ஒளிந்திருக்கும் 250

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்தார். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகும்னு ஷோரூம்ல சொல்றாங்க, அக்கா."

"சரி தம்பி, உங்க வீட்டு கரண்ட் பில் எங்கே?"

"அது எதுக்குங்க அக்கா? காருக்குத்தானே கேட்கிறேன்."

போனிலேயே பில்லை எடுத்தார். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட், அதாவது மாதம் 180. கேரளாவில் வீட்டு மின்சாரம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும்: முதல் 50 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 50-க்குக் கொஞ்சம் கூடுதல், இப்படி. முதல் படியில் மூன்று ரூபாய் சொச்சம், 200-க்கு மேல் எட்டு ரூபாய்க்கு மேல். 250-ஐத் தாண்டினால் அந்தப் படிகள் எல்லாம் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை மொத்தத்துக்கும் ஒரே விலை. 300-க்குள் நின்றால் ஆறே முக்கால் அளவில், 350-க்குள் ஏழரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், 500-க்குள் எட்டே கால் அளவில்.

அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. 180 யூனிட்டுக்கு மின்சார விலை மட்டும் சுமார் 860 ரூபாய். கார் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்து 143 யூனிட். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் 160. மொத்தம் 340 யூனிட். அதற்கு விலை சுமார் 2,580. ஆக, காருக்காகக் கூடுதலாகக் கட்டுவது 1,720 ரூபாய். மேலே 10 சதவீத மின்வரி, கிட்டத்தட்ட 1,900. 160 யூனிட்டுக்கு 1,900 என்றால் யூனிட் 12 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 90 காசு.

ஷோரூமில் சொன்னது ஒரு ரூபாய். அது பொய் என்று சொல்ல மாட்டேன். யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்து, வீணாவதைச் சேர்க்காமல் வகுத்தால் ஒரு ரூபாய்தான் வரும். ஆனால் கார் வந்ததால் வீட்டு மிக்சி, ஃபிரிட்ஜ், ஃபேன் ஓடுகிற கரண்டின் விலையும் ஏறுகிறதே, அதைக் காரின் தலையில்தானே எழுத வேண்டும்?

250-இல் நிற்பதற்கும் 251 ஆவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். 250 யூனிட்டுக்கு ஏறத்தாழ 1,430 ரூபாய். 251 ஆனால் 1,690. ஒரே ஒரு யூனிட் 260 ரூபாய். பில் இரண்டு மாதத்துக்கு வருவதால் உங்கள் பில்லில் இந்த எல்லை 500 என்று தெரியும். ஏற்கெனவே ஏசியும் கிணற்று மோட்டாருமாக 250-ஐத் தாண்டி நிற்கிற வீட்டுக்கு 250-இன் இந்த அதிர்ச்சி கிடையாது. ஆனால் காரின் 160 யூனிட் சேர்ந்து அடுத்த எல்லையைத் தாண்டினால் அவர்களுக்கும் மொத்த யூனிட்டின் விலை ஏறும்; காரின் யூனிட் மின்வரியோடு பத்து ரூபாய்க்குக் குறையாது. 

மாதம் 250-க்கு மேல் போகிற வீடுகளுக்கு நேரம் பார்த்துக் கட்டணம் போடும் முறையும் உண்டு: மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல், காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்ததும் பிளக்கைச் சொருகுகிற பழக்கம் வேண்டாம். பத்து மணிக்கு மேல் சார்ஜ் தொடங்கும்படி காரிலேயே நேரம் குறித்து வைக்கலாம்.

கூரையில் சோலார் இருக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் தீரும். 2024-இல் வந்த பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்கு நாலு யூனிட் அளவில் தரும். ஜூன், ஜூலை மழையில் குறையும். நம் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பலகைக்குப் போட்ட பணத்தையும் காருக்குப் போட்டதையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள். சோலார் தனிக் கணக்கு, கார் தனிக் கணக்கு.

விலை, வரி, இன்சூரன்ஸ்

2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய ஒப்பீடு எதுவாக இருந்தாலும் கிழித்துப் போடுங்கள். அன்றிலிருந்து சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதம் ஆனது, மேலே இருந்த செஸ்ஸும் போனது. கரண்ட் காருக்கு முன்பும் 5, இப்போதும் 5. பெட்ரோல் கார் விலை இறங்கியது, கரண்ட் கார் விலை அங்கேயே நின்றது, இடைவெளி அகன்றுவிட்டது. 80இஇபி பிரிவில் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டும். புதுக் கடனுக்கு இல்லை.

கேரளச் சாலை வரி கரண்ட் காருக்குச் சாதகமானது. 2025 ஏப்ரல் முதல் 15 லட்சம் வரை விலையுள்ள கரண்ட் காருக்கு 5 சதவீதம், 15-இலிருந்து 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. பெட்ரோலுக்கு 5-இலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-இலிருந்து 15 வரை 15 சதவீதம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கரண்ட் வண்டிக்கு முழு விலக்கு தந்ததிலிருந்து, "பொள்ளாச்சியில மச்சான் வீட்டு அட்ரஸ்ல எடுத்துட்டா வரியே இல்லையே" என்று கேட்காதவர்கள் இந்தத் தாலுகாவில் குறைவு. வண்டி நிற்பதும் ஓடுவதும் கேரளாவில் என்றால், 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. தடையில்லாச் சான்று, இங்கே வரி, அலைச்சல் எல்லாம் சேரும். விபத்து ஒன்று நடந்து இன்சூரன்ஸ்காரர் விலாசத்தைத் தோண்டினால் இன்னும் மோசம். நான் யாருக்கும் இந்த யோசனையைச் சொல்வதில்லை.

இன்சூரன்ஸில் கரண்ட் காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 15 சதவீதம் குறைவு என்பார்கள். அதைப் பிரித்துப் பாருங்கள். 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி, 1000-இலிருந்து 1500 சிசி வரையுள்ள புதுப் பெட்ரோல் காருக்கு மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய். மோட்டார் 30-இலிருந்து 65 கிலோவாட் வரையுள்ள கரண்ட் காருக்கு 9,044. ஆனால் மோட்டார் 65 கிலோவாட்டைத் தாண்டினால் 20,907. நெக்ஸான் அளவுள்ள கரண்ட் கார்களின் மோட்டார் 65-ஐத் தாண்டியதுதான். ஆக, அதே உடம்புள்ள பெட்ரோல் வண்டியைவிட இரண்டு மடங்கு. சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் வண்டி விலையை ஒட்டிப் போவதால் கூடும். கொட்டேஷனில் இன்சூரன்ஸ் தொகையைத் தனியாக எழுதித் தரக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தாளில்

பெட்ரோல் கார் ஷோரூம் விலை 9 லட்சம், அதே அளவுள்ள கரண்ட் கார் பன்னிரண்டரை லட்சம் என்று வைப்போம். விலை வித்தியாசம் மூன்றரை லட்சம். வரி பெட்ரோலுக்கு 1,17,000, கரண்டுக்கு 62,500. இதில் 54,500 மிச்சம். இன்சூரன்ஸில் கூடுதல் 20,000, வீட்டில் வயரிங் வேலைக்கு 15,000. கூட்டிக் கழித்தால் கரண்ட் காருக்கு முதலில் போடும் கூடுதல் பணம் 3,30,000 ரூபாய் அளவில். அதையும் கடனாக எடுத்து 9 சதவீதத்தில் ஐந்து வருடம் கட்டினால், வட்டி மட்டும் சுமார் 81,000. ஆக 4,10,000. இதுதான் பெட்ரோல் மிச்சத்தில் திரும்பி வர வேண்டிய தொகை.

சர்வீஸை இதில் நான் சேர்க்கவில்லை. கரண்ட் காருக்கு இன்ஜின் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் இல்லை. புகைச் சான்றும் வேண்டாம். பிரேக் பேட் நெடுநாள் வரும். ஆனால் வண்டி கனம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும், வருடாவருட இன்சூரன்ஸும் கூடுதல். ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மாதம் 180 யூனிட் செலவாகும் அதே வீடு என்று வைத்துப் பாருங்கள். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால் வருடத்துக்கு மிச்சம் 28,000. போட்ட பணம் திரும்ப 14 வருடத்துக்கு மேல். ஆயிரம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 57,000; ஏழு வருடம் சொச்சம். ஆயிரத்து ஐந்நூறு என்றால் 85,000. ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். பேட்டரிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்த எட்டு வருடத்துக்குள் போட்டது திரும்ப வராத காரை, பணத்தை மட்டும் நினைத்து வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். மாதம் 800-க்குக் கீழே ஓடுகிறதா, பெட்ரோலே இருக்கட்டும். 1,200-க்கு மேலா, தயங்காமல் கரண்ட். இடைப்பட்டவர்கள் சோலார் உண்டா, கடன் எவ்வளவு, கார் வந்தால் கரண்ட் பில் எந்த எல்லையைத் தாண்டும் என்று பார்த்து முடிவு செய்யட்டும். வேலந்தாவளத்துத் தம்பிக்குக் கிலோமீட்டர் 1,400-க்கு மேல் வந்தது. வாங்கச் சொன்னேன்.

பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டத்தில் கார் விலை குறைவாகத் தெரியும். 2024-இல் எம்.ஜி. விண்ட்சர் வந்தபோது பேட்டரி வாடகை கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு. வீட்டுக் கரண்டையும் சேர்த்தால் 5 ரூபாய் 40 காசு, பெட்ரோலோடு ஒப்பிட ஒரு ரூபாய் சொச்சம்தான் மிச்சம். கேரளாவில் இந்த முறையில் எடுக்கும் வண்டிக்குச் சாலை வரியும் 10 சதவீதம்.

தோப்பு வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது

பம்ப்செட்டுக்கு எடுத்த விவசாய இணைப்பிலிருந்து காருக்கு வயர் இழுக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள். ஒரு தேவைக்கு எடுத்த இணைப்பை வேறு தேவைக்குப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எத்தனை நாள் என்று தெரியாவிட்டால் ஒரு வருடத்துக்கே கணக்கிடுவார்கள். பெட்ரோலில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நோட்டீஸில் போகும்.

வயரிங்கிற்கு 15,000 என்று எழுதினேனே, அதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். காரோடு வரும் சார்ஜர் 15 ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் எட்டு, பத்து மணி நேரம் விடாமல். பழைய பவர் பிளக்கில் சொருகினால் பிளக் உருகும். மீட்டர் பெட்டியிலிருந்தே தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), தனி ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணையும் சுவிட்ச்) வேண்டும். அடுத்தது எர்த். நம் பக்கத்துப் பாறை மண்ணில், பங்குனி சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கார் கெட்டுவிட்டது என்று ஷோரூமுக்கு ஓடுவார்கள். கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்து, கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று பேஸுக்கு மாற வேண்டுமா என்று கே.எஸ்.இ.பி. செக்‌ஷன் ஆபீஸில் ஓவர்சியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாறினால் நிலையான கட்டணமும் கூடும்.

வெளியூரில் போடும் சார்ஜ் தனிக் கணக்கு. கே.எஸ்.இ.பி. கம்பங்களில் மாட்டியிருப்பவை ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும். காருக்கான வேகச் சார்ஜரில் ஜி.எஸ்.டி.யோடு யூனிட் இருபது ரூபாயை ஒட்டி வரும்; கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். மாதத்தில் பாதி ஓட்டம் வெளிச் சார்ஜில் என்றால் மேலே சொன்ன வருடங்கள் நீளும்.

நெல்லியாம்பதி, வால்பாறை ஏறுகிறவர்களுக்கு ஒரு சொல். ஒன்றரை டன் வண்டி ஆயிரம் மீட்டர் ஏற, ஓடும் தூரத்துக்கு ஆவது போகக் கூடுதலாக நாலு யூனிட்டுக்கு மேல் தின்னும். நெல்லியாம்பதி அடிவாரத்துப் போத்துண்டியில், இன்னும் 120 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய திரை, மேலே போய்ச் சேரும்போது ஐம்பது, அறுபதைக் காட்டினால் பயப்பட வேண்டாம். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பித் தரும். மலை உச்சியில் முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் மட்டும் அது கிடைக்காது, பேட்டரியில் இடம் இருக்காது.

விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதையும் தாளில் எழுதுங்கள். எட்டாவது வருடம் இரண்டு வண்டிக்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் என்று நான் போடுகிறேன். கரண்ட் கார் வாங்கிய விலையில் பெரிய பங்கு அதில் கரைகிறது என்று தெரிந்தேதான். அந்த மூன்று லட்சமும் பேட்டரி வாரண்டித் தாளைப் பொறுத்தது. கையெழுத்துப் போடும் முன் அதில் மூன்று இடத்தைப் படித்துப் பாருங்கள்: பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், வண்டி கை மாறினால் இரண்டாவது ஆளுக்கும் அதே வாரண்டியா, வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு உண்டா. தெளிவாக எழுதியிராவிட்டால், டீலரின் முத்திரையோடு தனித் தாளில் எழுதி வாங்கி ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.